‘காதல்’ என்ற சொல்லுக்கு எதுகை தேடித் தரும் கருவிகள்: எது உதவும், எது சறுக்கும்

மெட்டு தயார். பல்லவியின் முதல் சொல் ‘காதல்’ என்று முடிவாகிவிட்டது. அடுத்த வரியின் தலையில் உட்கார ஒரு சொல் வேண்டும். பாட்டெழுதுகிற எல்லோரும் வந்து நிற்கும் இந்த இடத்தில் இன்று நான்கு வகைக் கருவிகள் கைகொடுக்க முன்வருகின்றன: எதுகை நோக்கிச் சொற்களை அடுக்கிய பழைய தொடை அகராதிகள், இணையத்தில் உள்ள எதுகைத் தேடல் தளங்கள், செயற்கை நுண்ணறிவு உரையாடிகள், நாமே இறக்கிவைத்துத் தேடும் சொற்பட்டியல். நான்கையும் ‘காதல்’ என்ற ஒரே சொல்லை வைத்து எடைபோடுகிறது இந்த மதிப்பீடு. முடிவை முன்னாலேயே சொல்லிவிடலாம்: சொற்பட்டியல்தான் முதலிடம். ஒரு மணி நேரம் செலவழித்து அமைத்துக்கொண்டால் மற்ற மூன்றும் அதற்குத் துணைக்கருவிகளாகிவிடும்.

எடைபோடும் அளவுகோல் எது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். எதுகை என்றால் இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது என்று பள்ளியில் படித்தோம். அதன் கூடவே படித்த இன்னொரு விதியைப் பல கருவிகள் மறந்துவிடுகின்றன: முதல் எழுத்துகள் அளவிலும் ஒத்திருக்க வேண்டும். குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். ‘காதல்’ நெடிலில் தொடங்குகிறது. அதனால் ‘மோதல்’, ‘பாதம்’, ‘வேதம்’ பொருந்தும். ‘விதி’, ‘நதி’, ‘கதவு’ ஆகியவற்றில் இரண்டாம் எழுத்து தகர வருக்கமாக இருந்தும் பொருந்தாது. இது வெறும் இலக்கண வீம்பு அல்ல. மெட்டில் ‘கா’ விழும் இடம் நீண்ட சுரம். அங்கே ‘வி’யை வைத்தால் பாடகர் ‘வீதி’ என்று இழுக்க நேரும், சொல்லே வேறாகிவிடும்.

மாத்திரைக் கணக்கும் வேண்டும். குறில் ஒன்று, நெடில் இரண்டு, மெய் அரை என்று கூட்டினால் ‘காதல்’ மூன்றரை மாத்திரை. ‘கீதம்’, ‘மோதல்’ இரண்டும் அதே மூன்றரை. ‘பாதை’யில் ஈற்று ஐகாரம் குறுகி ஒலிப்பதால் மூன்று. ‘தூது’வில் வருவது குற்றியலுகரம், ஆகவே இரண்டரைதான். ஒரு மாத்திரை குறைந்தால் பாடமுடியாமல் போகாது. கடைசி உகரத்தை நீட்டிக்கொள்ளலாம். ஆனால் அந்த நீட்டல் மெட்டமைத்தவர் நினைத்த வெட்டான முடிவைக் கெடுக்கும். நல்ல கருவி இந்த மூன்றையும், அதாவது இரண்டாம் எழுத்து, முதலெழுத்தின் அளவு, மொத்த மாத்திரை ஆகியவற்றைப் பிரித்துக் காட்ட வேண்டும்.

தொடை அகராதி

வீரமாமுனிவர் 1732-இல் முடித்த சதுரகராதி பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பகுதிகள் கொண்டது. நான்காவது பகுதி முழுக்க முழுக்கச் செய்யுள் எழுதுவோருக்காக எதுகை நோக்கிச் சொற்களை அடுக்கியது. அதற்கும் முன்பே, செய்யுள் வடிவ அகராதியான சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி, ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களை இரண்டாம் எழுத்து எதுகை வரிசையில் சொல்லிச் சென்றது. எதுகை வழியே சொல்லைத் தேடுவது தமிழுக்குப் புதிதல்ல என்பது இவற்றைப் புரட்டும்போது தெரியும்.

இவற்றின் பலம், தேடாத சொல்லும் கண்ணில் படுவது. ‘கூதல்’ என்ற சொல் எத்தனை பேருக்குச் சட்டென்று நினைவுக்கு வரும்? குளிர் என்று பொருள். ‘ஊதல்’ என்றால் வாடைக்காற்று. ‘காதல்’ என்பதோடு முதலெழுத்து நீங்கலாக மற்றதெல்லாம் ஒன்றும் இவை தலையாகு எதுகை. பழைய சொல்லாக இருந்தாலும் கேட்டவுடன் புரிகின்றன. ‘காதல் சொன்ன மாலையில் / கூதல் காற்றும் சுட்டதே’ என்று எழுதிப் பார்த்தால் சீர்கள் அப்படியே ஒன்றன்கீழ் ஒன்று உட்காரும்.

பலவீனம், நிகண்டுச் சொற்களில் பெரும்பங்கு இன்று வழக்கில் இல்லாதவை. ‘ஏதம்’ குற்றம் என்று பொருள்படும், ‘ஓதம்’ கடல்நீரைக் குறிக்கும், ‘தாதை’ தந்தை. பக்திப் பாடலுக்கும் வரலாற்றுப் படத்துக்கும் இவை ஆகும்; கல்லூரிக் காதல் பாட்டுக்கு ஆகாது. இன்னொன்று, 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் உள்ள பழைய ‘னை’, ‘லை’, ‘றா’ வடிவங்களை எழுத்துணரி மென்பொருள்கள் தப்பாகப் படிக்கும். ஸ்கேன் செய்த பழைய பதிப்பைத் தேடி ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் சொல் இல்லை என்று பொருளல்ல. பக்கத்தைக் கண்ணால்தான் படிக்க வேண்டும்.

எதுகைத் தேடல் தளங்கள்

பெட்டியில் சொல்லை இட்டால் பட்டியல் கொட்டும் தளங்களில் பெரும்பாலானவை சொல்லின் கடைசி எழுத்துகளைத்தான் பொருத்துகின்றன. அது இயைபு. வரிக்கடைசிக்கு இயைபு வேண்டும்தான். ஆனால் தமிழில் இயைபு மிகமிக மலிவு. வினைமுற்று விகுதிகளும் வேற்றுமை உருபுகளும் சொல்லின் கடைசியில் ஒட்டுவதால் ‘வந்தாய், சென்றாய், நின்றாய்’ என்று எவரும் கருவியின்றி எழுதிவிடலாம். ‘காதல்’ என்று கேட்டால் ‘வாழ்தல், தேடுதல், எழுதுதல்’ என்று ‘தல்’ விகுதித் தொழிற்பெயர்களை நூற்றுக்கணக்கில் தரும் தளம் வேலை செய்வதுபோல் தோன்றும். உண்மையில் ஒரே விகுதியைத் திரும்பத் திரும்பக் காட்டுகிறது. கேட்பவர் காதுக்கு அது எதிரொலியாகப் படாது, வாய்ப்பாடாகப் படும்.

கடைசி மெய்யை மட்டும் பார்க்கும் தளம் இன்னும் மோசம். ‘வானில்’, ‘தெருவில்’ எல்லாம் வந்து சேரும். ‘அல்’ ஒலிக்கு ‘இல்’ ஒலி இயைபாகக் கேட்காது.

புதிதாக ஒரு தளத்தைப் பார்த்தால் மூன்று சொற்களைப் போட்டுச் சோதித்துவிடலாம். முதலில் ‘காதல்’: மோதலும் ஓதலும் வருகின்றனவா, குறிலில் தொடங்குபவை தனியாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இரண்டாவது ‘பார்த்து’: இதற்குக் ‘காத்து’, ‘பூத்து’ கிடைக்க வேண்டும். ய், ர், ல், ழ் என்ற நான்கு மெய்களும் இடையில் வந்தால் அவற்றை விட்டுவிட்டு எதுகை கொள்வது ஆசிடை எதுகை. இரண்டாம் எழுத்தை இயந்திரத்தனமாக ஒப்பிடும் நிரல் ‘ர்’ என்பதைப் பார்த்துவிட்டு நின்றுவிடும். மூன்றாவது ‘கண்ணீர்’: ‘தண்ணீர்’ எல்லாத் தளத்திலும் வரும், ‘பன்னீர்’ வருகிறதா? எழுத்து வேறு, ஆனால் பாடும்போது காது அதை ஏற்கும். மூன்றிலும் தேறும் தளம் கிடைத்தால் அதை விடாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

செயற்கை நுண்ணறிவு உரையாடிகள்

‘காதலுக்கு எதுகைச் சொற்கள் கொடு’ என்றால் தயக்கமே இல்லாமல் பதில் வரும். அதில் ‘பாடல்’, ‘தேடல்’ இருக்கும், இவை இயைபு. ‘நேசம்’, ‘பாசம்’ இருக்கும். இவை பொருளால் உறவு, ஒலியால் அல்ல. சில நேரம் தமிழில் இல்லாத சொல்லே முளைக்கும். காரணம் எளிது. இந்த மாதிரிகள் உரையை எழுத்தெழுத்தாகப் படிப்பதில்லை, துண்டுகளாக உடைத்துப் படிக்கின்றன. தமிழில் அந்தத் துண்டின் எல்லை எழுத்தின் எல்லையோடு பொருந்தாமல் போவது சாதாரணம். இரண்டாம் எழுத்து எது என்பது அவற்றுக்கு நேரடியாகத் தெரியும் தகவல் அல்ல.

கேள்வியை இறுக்கினால் ஓரளவு தேறும்: ‘முதல் எழுத்து நெடில், இரண்டாம் எழுத்து த, மூன்றாவது ஒரு மெய், வழக்கில் உள்ள பெயர்ச்சொற்கள் மட்டும்’ என்று கேட்க வேண்டும். அப்போதும் ஒவ்வொரு சொல்லையும் சரிபார்க்காமல் வரியில் வைக்கக்கூடாது. இவை உண்மையாகவே உதவுவது இரண்டாம் கட்டத்தில். சொற்பட்டியலிலிருந்து தேறிய முப்பது சொற்களைக் கொடுத்து, ‘மழைக்காலச் சூழலுக்கு எவை பொருந்தும், எவை இன்று புரியாது’ என்று கேட்டால் நன்றாகப் பிரித்துத் தருகின்றன. எதுகை தேடும் வேலையை இவற்றிடம் முழுதாக ஒப்படைக்கலாம் என்று பரிந்துரைக்க முடியாது.

சொற்பட்டியலும் புள்ளித் தேடலும்

இணைய அகராதியான தமிழ் விக்சனரியின் எல்லாத் தலைச்சொற்களும் ஒரே உரைக்கோப்பாக விக்கிமீடியாவின் தரவிறக்கப் பக்கத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சுருக்கப்பட்ட கோப்பு அது. செவன்-ஜிப் போன்ற ஒன்றால் விரிக்க வேண்டும். ஒரு வரிக்கு ஒரு சொல். ஆங்கிலத் தலைச்சொற்களும் கலந்திருக்கும், இடைவெளிக்குப் பதில் அடிக்கோடு இருக்கும். இரண்டும் தேடலைக் கெடுக்காது. நோட்பேட் பிளஸ் பிளஸ், விஎஸ் கோட் போல ரெகுலர் எக்ஸ்பிரஷன் தேடல் (குறிகளைக் கொண்டு சொல்லின் வடிவத்தைத் தேடும் முறை) உள்ள எடிட்டரில் திறந்தால் போதும்.

தேடலின் சூட்சுமம் யூனிகோடில் இருக்கிறது. ‘க’ ஒரு குறியீடு. ‘கா’ இரண்டு: க, அதன்பின் கால். ‘ல்’ இரண்டு: ல, அதன்பின் புள்ளி. ஆனால் ‘ஓ’, ‘ஊ’ போன்ற உயிர்கள் ஒன்றே. தேடல் பெட்டியில் ஒரு முற்றுப்புள்ளி எந்த ஒரு குறியீட்டுக்கும் நிற்கும், ^ வரித் தொடக்கத்தையும் $ வரி முடிவையும் குறிக்கும். ஆகவே

^..தல்$

என்று தேடினால் காதல், மோதல், கூதல், சாதல் என்று உயிர்மெய் நெடிலில் தொடங்குபவை வரும்.

^.தல்$

என்று ஒரு புள்ளியைக் குறைத்தால் ஓதல், ஊதல், ஆதல் என்று உயிரில் தொடங்குபவை வரும். தலையாகு எதுகை இத்துடன் ஏறக்குறைய முடிந்தது. இந்தப் பட்டியல் மிகச் சிறியது என்பதைக் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. காதலுக்கு மோதலும் சாதலும் ஏன் இத்தனை பாட்டுகளில் வந்து தேய்ந்துபோயின என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

அடுத்து ^..தம்$ என்று தேட வேண்டும். கீதம், நாதம், பாதம், வேதம், மாதம், பேதம், வாதம், சேதம், பூதம்: அத்தனையும் மூன்றரை மாத்திரை, இரண்டாம் எழுத்து மட்டும் ஒன்றும் இடையாகு எதுகை. அதன்பின் ^..தை$: பாதை, போதை, கோதை, பேதை, மேதை, வாதை. அதன்பின் ^..து$: தூது, மீது, மாது, சூது, தீது, போது, காது, சாது. தை, து இரண்டும் ‘த’வின் வருக்க எழுத்துகள் என்பதால் இவை வருக்க எதுகை, இலக்கணம் கடைசிப் படியில் வைத்தாலும் பாட்டில் தாராளமாக ஒலிக்கும். உயிரில் தொடங்குபவற்றுக்கு ஒவ்வொன்றையும் ஒரு புள்ளி குறைத்து மறுபடி தேட வேண்டும். ‘ஊதை’, ‘ஏது’, ‘ஓது’ அப்போதுதான் கிடைக்கும்.

குப்பையும் வரும். ‘நிதம்’, ‘விதை’, ‘பொது’ வரும், ஏனென்றால் ‘நி’யும் ‘வி’யும் ‘பொ’வும் கூட இரண்டு குறியீடுகள்தான். ‘பரதம்’ வரும், அதில் இரண்டு புள்ளிகளையும் ‘ப’, ‘ர’ நிரப்பிவிடுகின்றன. கண்ணால் ஒதுக்க ஒரு நிமிடம் ஆகும். இந்தக் குப்பையை வடிகட்ட நீளமான தேடல் கோவை எழுதலாம். ஆனால் தனியாக உயிர்க்குறியை மட்டும் தட்டுவது பல விசைப்பலகைகளில் தொல்லை. புள்ளித் தேடலின் எளிமையே அதன் அருமை, அதைக் கெடுக்க வேண்டாம்.

வரிக்கடைசி இயைபுக்கு ([க-ஹ] என்றால் க முதல் ஹ வரை ஏதாவது ஒன்று):

^..[க-ஹ]ல்$

பாடல், தேடல், கூடல், சாரல், தூறல், காவல், சாயல், வாசல், கானல், நாணல், பூசல் எல்லாம் வரிசையாக விழும். ‘வானில்’ போன்ற ‘இல்’ ஈறுகள் தானாகவே விலகிவிடும், ஏனென்றால் அங்கே மெய்க்கும் ‘ல்’லுக்கும் நடுவே இகரக்குறி நிற்கிறது. எந்தத் தளமும் இவ்வளவு சுத்தமான பட்டியலைத் தருவது கடினம்.

காதுக்கு ஒன்றாகக் கேட்கும் எழுத்துகளுக்கும் வழி உண்டு. ‘மழை’க்கு ^.(லை|ளை|ழை)$ என்று தேடினால் (நடுவில் உள்ள | குறிக்கு ‘அல்லது’ என்று பொருள்) மலை, அலை, கலை, தலை, வளை, கழை எல்லாம் ஒரே பட்டியலில் வரும். ரகர றகரத்துக்கும் இப்படியே. மரபு இவற்றை எதுகையின் உயர்ந்த படியில் வைக்காது. பாடகர் ழகரத்தைத் திருத்தமாக ஒலித்தால் வேறுபாடும் கேட்கும். ஆகவே பாடப்போகிறவர் யார் என்று தெரிந்தபின் முடிவு செய்யுங்கள்.

எங்கே கோளாறு வரும்

முதல் கோளாறு, கண்ணுக்குத் தெரியாதது. ‘போதை’யின் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஏகாரக் கொம்பு ஒன்று கால் ஒன்று என இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. தேடலில் வேறு. இரண்டாகச் சேமித்த கோப்பில் ^..தை$ போதையையும் கோதையையும் பிடிக்காது. விக்கித் திட்டங்கள் தலைப்புகளைச் சீராக்கி வைப்பதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்புகளில் அடிக்கடி உண்டு. ஓகாரச் சொற்கள் மட்டும் காணாமல் போனால் இதுதான் காரணம். கோப்பை யூனிகோடு சீராக்கம் (இரண்டாகச் சேமித்ததை ஒரே குறியீடாக்குவது) செய்துவிட்டுத் தேட வேண்டும். ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் ளகரமும் தட்டப்பட்டிருப்பது இதன் உடன்பிறப்பு.

இரண்டாவது கோளாறு பெரியது. விக்சனரி அகராதி, அதில் இருப்பவை பெரும்பாலும் வேர்வடிவங்கள். பாட்டில் வருவதோ ‘பார்த்து’, ‘காதலே’, ‘சொன்னாயே’. வினையெச்சமும் வேற்றுமையும் ஏற்ற சொற்கள் வேண்டுமென்றால் உரைகளிலிருந்து பட்டியல் செய்ய வேண்டும். 1998-இல் தொடங்கிய தமிழ் மின்னூல் தொகுப்பான மதுரைத் திட்டத்திலும் விக்கிமூலத்திலும் உள்ள நூல்களை எடுத்து, இடைவெளிகளைப் புதுவரியாக மாற்றி, நிறுத்தக்குறிகளை நீக்கி, அகர வரிசைப்படுத்தி, இரட்டிப்புகளை அகற்றினால் போதும். மதுரைத் திட்டத்தில் ஒரே நூல் டிஸ்கி என்ற பழைய குறியேற்றம், யூனிகோடு என இரு வடிவில் இருக்கும். யூனிகோடையே எடுக்க வேண்டும். இந்தப் பட்டியலில்

^..(ய்|ர்|ல்|ழ்)?த்து$

என்று தேடினால் (அடைப்புக்குள் உள்ளது இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி என்பதற்கே கேள்விக்குறி) பார்த்து, காத்து, பூத்து, சேர்த்து, தீர்த்து, வாழ்த்து, வாய்த்து எனப் பாட்டுக்கு உடனே ஆகும் ஆசிடை எதுகைகள் வரும். தளங்கள் தவறவிட்டது இதைத்தான். பழைய உரைகளில் சந்தி சேர்ந்த சொற்கள் நிறைய. ‘பார்த்துக்’ என்று ககர ஒற்றோடு இருப்பவை $ குறியால் தப்பிவிடும். $ குறியை எடுத்துவிட்டு ஒருமுறையும் தேடுங்கள். பேச்சுவழக்குப் பாட்டுக்கு மட்டும் இந்தப் பட்டியலும் போதாது. ‘வந்துட்டேன்’, ‘பாக்குற’ போன்றவை இருக்கும் இன்றைய நாடக, சிறுகதை உரையாடல்களைச் சேர்த்தால்தான் நிறையும்.

மூன்றாவது, எந்தக் கருவியும் தராதது: புணர்ச்சியால் பிறக்கும் எதுகை. ‘காதலை’ என்று வரி முடிந்தால் அகராதி கைவிரிக்கும். ஆனால் ‘மீது’ம் ‘அலை’யும் சேர்ந்தால் ‘மீதலை’. ‘பாறை மீதலை’ என்று முடிக்கலாம். ‘காதலர்’ என்றால் ‘மீதலர்’, மலர் என்ற பொருளில் ‘அலர்’. ‘தூது அல்ல’ என்பது ‘தூதல்ல’ ஆகும்போது ‘காதல்’ என்பதன் ‘தல்’ முழுக்க உள்ளே ஒலிக்கிறது. செய்முறை இதுதான்: ^..து$ பட்டியலில் உள்ள ஒவ்வொரு உகர ஈற்றுச் சொல்லோடும் ‘அல்’ என்று தொடங்கும் சொற்களை (அலை, அலர், அல்ல, அல்லி) சேர்த்துச் சொல்லிப் பார்ப்பது. பெரும்பாலானவை பொருளற்றுப் போகும், இரண்டு மூன்று மின்னும். ஒரு பாட்டில் ஒருமுறைக்கு மேல் பயன்படுத்தினால் கேட்பவர் சொல்லைப் பிரித்துப் புரிந்துகொள்ளத் தடுமாறுவார்.

வரிக்கடைசியில் நீண்ட சுரம் இருந்தால் கருவி காட்டும் ‘அல்’ ஈற்றுச் சொற்களை அப்படியே வைக்க வேண்டாம். ‘ல்’ நாவை மேலே ஒட்டி ஒலியை மூடிவிடும். ‘காதலே’, ‘சாரலே’, ‘தூறலே’ என்று ஏகாரம் ஏற்றினால் பாடகருக்கு வாய் திறந்திருக்கும், இயைபும் கெடாது.

யாருக்கு எது? மரபுக் கவிதையும் இசைநாடகமும் எழுதுவோர் தொடை அகராதியைக் கையருகே வைத்திருக்கலாம். அவசரமாக இயைபு மட்டும் வேண்டுவோருக்கு, மேலே சொன்ன மூன்று சொல் சோதனையில் தேறிய தளம் போதும். மெட்டுக்கு எழுதுவோர் இரண்டு பட்டியல்களையும், அதாவது விக்சனரித் தலைச்சொற்களையும் உரைகளிலிருந்து எடுத்த சொற்களையும், தனித்தனிக் கோப்புகளாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றாகக் கலந்தால் வேர்ச்சொற்கள் உருபேற்ற வடிவங்களுக்குள் புதைந்துவிடும்.